'தாவர அடிப்படை' என்ற லேபிளுக்குள் பிளாஸ்டிக் எவ்வளவு? அந்த ஒரு எண்ணை அச்சிட என்ன தயக்கம்?

டயப்பர் பாக்கெட்டில் ஒரு பச்சை இலை. சானிட்டரி நாப்கின் அட்டையில் 'சோள மாவுச்சத்திலிருந்து' என்று ஒரு வரி. உரக்கடையில் கிடைக்கும் ஹைட்ரோஜெல் பையில் 'செல்லுலோஸ் அடிப்படையிலானது' என்ற அறிமுகம். படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்கும். செடியிலிருந்து வந்தது, மண்ணுக்கே போய்விடும் என்று தோன்றும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்படி விற்கப்படும் பொருட்களில் சில, பாதி செடி, பாதி பெட்ரோலியம். மாவுச்சத்து அல்லது செல்லுலோஸ் இழையின் மேல் செயற்கை பாலிமரை வேதிவினை மூலம் ஒட்டி வளர்க்கிறார்கள். வேதியியலில் இதற்கு 'கிராஃப்டிங்' என்று பெயர். தமிழில் ஒட்டுப் பாலிமர் எனலாம். லேபிள் பொய் சொல்லவில்லை, செடி உள்ளே நிஜமாகவே இருக்கிறது. ஆனால் மீதி என்ன, அது எவ்வளவு, கடைசியில் அது எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கு அட்டையில் பதில் இருப்பதில்லை.

இந்தத் தொழில்நுட்பம் கெட்டது இல்லை. பல இடங்களில் ரொம்பவே உதவுகிறது. பிரச்னை, அதற்கு வைக்கப்படும் பெயரில்தான்.

ஒட்டு என்றால் என்ன?

ஒட்டு மாங்கன்று எல்லோருக்கும் தெரியும். நாட்டு மாங்கொட்டையிலிருந்து முளைத்த கன்றை வேர்ச்செடியாக வைத்து, அதன் தண்டைச் சீவி, பங்கனபள்ளி மரத்தின் குச்சியை இணைத்துக் கட்டுவார்கள். கீழே நாட்டு வேர், மேலே பங்கனபள்ளி. வேதியியலாளர்கள் தோட்டக்கலையிடமிருந்துதான் இந்தச் சொல்லையே கடன் வாங்கினார்கள்.

அரிசி, சோளம், மரவள்ளி ஆகியவற்றில் இருக்கும் ஸ்டார்ச், குளுக்கோஸ் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும் ஒரு நீண்ட சங்கிலி. பஞ்சு, மரக்கூழ், தென்னை நாரில் இருக்கும் செல்லுலோஸும் அப்படித்தான், கோக்கும் விதம் மட்டும் வேறு. இந்தச் சங்கிலியின் ஏதோ ஓரிடத்தில் வினைபுரியத் துடிக்கும் ஒரு புள்ளியை முதலில் உருவாக்குகிறார்கள். இதற்கு சீரியம் உப்பு பயன்படலாம், பெர்சல்ஃபேட் பயன்படலாம், கதிர்வீச்சும் பயன்படலாம். அந்தப் புள்ளிக்கு 'ஃப்ரீ ரேடிக்கல்' என்று பெயர்.

பிறகு அக்ரிலோநைட்ரைல், அக்ரிலிக் அமிலம், அக்ரிலமைடு போன்ற சிறிய மூலக்கூறுகளைச் சேர்த்தால், அவை அந்தப் புள்ளியிலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு கிளை போல வளர்கின்றன. நடுத்தண்டு செடியுடையது. கிளை, பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் புரோப்பிலீனிலிருந்து வந்தது.

சும்மா இரண்டையும் கலந்தால் போதாதா? போதாது. கலவை என்றால் தண்ணீர் பட்டதும் பிரிந்துபோகலாம். ஒட்டில் இரண்டுக்கும் நடுவே உறுதியான வேதிப்பிணைப்பு இருக்கிறது. மாவுச்சத்தைக் கழுவித் தனியாக எடுக்க முடியாது.

மாங்கன்று உவமையை இன்னும் ஒரு படி நீட்டிப் பார்க்கலாம். சந்தையில் அந்த மரத்துப் பழத்தை யாரும் 'நாட்டு மாம்பழம்' என்று விற்பதில்லை. பழத்தைத் தருவது மேலே ஒட்டிய குச்சி, அதனால் பங்கனபள்ளி என்றுதான் விற்கிறார்கள். ஒட்டுப் பாலிமரில் இந்த வழக்கம் தலைகீழாகிவிடுகிறது. தண்ணீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு செயற்கைக் கிளையுடையது. விற்பனை மட்டும் வேர்ச்செடியின் பெயரில் நடக்கிறது.

தொடங்கியது சோளம் மிஞ்சிப்போன ஊரில்

இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பியோரியா நகரில் எழுதப்பட்டது. விவசாயிகளிடம் தேங்கும் உபரி விளைச்சலுக்குப் புதிய பயன்பாடு கண்டுபிடிக்க, 1938-ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் அமெரிக்க வேளாண் துறை நான்கு வட்டார ஆய்வகங்களைத் தொடங்கியது. அவற்றில் ஒன்று பியோரியா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பென்சிலினைப் பெரிய அளவில் தயாரிக்கும் வழியைக் கண்டதும் இதே ஆய்வகம்தான்.

இங்கே 1970-களில் ஜார்ஜ் ஃபான்டா, வில்லியம் டோன், எட்வர்ட் பேக்லி, மேரி ஆலிடீன் வீவர் ஆகியோர் சோள மாவுச்சத்தின் மேல் அக்ரிலோநைட்ரைலை ஒட்டினார்கள். கிடைத்ததைக் காரக் கரைசலில் சூடாக்கினார்கள். அப்போது தண்ணீரை வெறுக்கும் நைட்ரைல் குழுக்கள், தண்ணீரை இழுக்கும் குழுக்களாக மாறின. காயவைத்துப் பொடியாக்கியதைத் தண்ணீரில் போட்டால், தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு தண்ணீரைக் குடித்து ஜெல்லாக உப்பியது. அதற்கு வைத்த செல்லப் பெயர் 'சூப்பர் ஸ்லர்பர்'. 1976-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன.

விதைக்குப் பூச்சு, எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி, காயக்கட்டு, டயப்பர் என்று பல பயன்பாடுகள் அடுத்தடுத்து யோசிக்கப்பட்டன. ஜப்பானில் ஸ்டார்ச் மேல் அக்ரிலிக் அமிலத்தை ஒட்டிய வகை 1970-களின் இறுதியில் வணிக உற்பத்திக்கே வந்துவிட்டது.

பிறகு ஒரு திருப்பம். டயப்பர் தொழிற்சாலைகள் போகப்போக ஸ்டார்ச்சையே கைவிட்டன. குழந்தை உட்காரும்போது ஏற்படும் அழுத்தத்திலும் தண்ணீரை விடாமல் பிடிக்க, முழுக்கச் செயற்கையான, குறுக்கே பின்னப்பட்ட சோடியம் பாலிஅக்ரிலேட் அவர்களுக்கு வசதியாக இருந்தது. கிருமி தின்னும் பயமும் இல்லை. இன்று டயப்பருக்குள் மரக்கூழ்ப் பஞ்சோடு சேர்ந்து இருக்கும் வெள்ளைத் துகள்கள் பெரும்பாலும் இவைதான்.

இந்த வரலாறு தெரிந்தால் ஒன்று புரியும். ஸ்டார்ச் இல்லாமலும் இந்த வேலை நடக்கும். செயற்கைக் கிளை இல்லாமல் அந்த அளவுக்கு நடப்பது கடினம்.

இவ்வளவு தண்ணீர் எப்படி உள்ளே நிற்கிறது?

பாலிஅக்ரிலேட் கிளை முழுக்க எதிர்மின்சுமை கொண்ட குழுக்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு சோடியமோ பொட்டாசியமோ நிற்கும். தண்ணீர் உள்ளே வந்ததும் எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன, சுருண்டிருந்த சங்கிலி விரிகிறது. உள்ளே அயனிகள் அதிகம், வெளியே குறைவு. அதனால் மேலும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. சங்கிலிகளைக் குறுக்கே பின்னியிருப்பதால் மொத்தமும் கரைந்து ஓடாமல் வலை போல நிற்கிறது.

வெளியே இருக்கும் தண்ணீரில் உப்பு கூடினால் இந்தக் கணக்கு மாறிவிடும். ஊறிய ஜெல்லின் மேல் சமையல் உப்பைத் தூவிப் பார்த்தாலே தெரியும், கொஞ்ச நேரத்தில் தண்ணீரைக் கக்கிவிடும். காய்ச்சி வடித்த நீரில் சில நூறு மடங்கு உறிஞ்சும் பொருள், உடல் திரவத்துக்குச் சமமான 0.9 சதவீத உப்புக் கரைசலில் சில பத்து மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். கால்சியம், மெக்னீசியம் உள்ள கடினநீரில் நிலைமை இன்னும் மோசம். ஒரு கால்சியம் அயனி இரண்டு கிளைகளைச் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போட்டுவிடும். ஜெல் சுருங்கிவிடும்.

இது வேதியியல் பாடத்தோடு முடிகிற விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் போர்வெல் தண்ணீரை நம்பி ஹைட்ரோஜெல் வாங்கும் விவசாயிக்கு இதுதான் முதல் கேள்வி. பையில் போட்டிருக்கும் '400 மடங்கு' எந்தத் தண்ணீரில் அளந்தது?

டெல்லியிலிருந்து வயலுக்கு

இந்தியாவில் இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட பெயர் 'பூசா ஹைட்ரோஜெல்'. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அறிவியல் விவரிப்பில் இது செல்லுலோஸின் மேல் பாலிஅக்ரிலேட்டை ஒட்டி, குறுக்கே பின்னிய 'பாதி செயற்கை' பொருள். அப்படி வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். வெப்ப மண்டல மண்ணுக்கு ஏற்றதாக, 40 முதல் 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் நன்றாக உறிஞ்சும்படி வடிவமைக்கப்பட்டது. பரிந்துரைக்கப்படும் அளவு, மண்ணைப் பொறுத்து ஹெக்டேருக்கு 2.5 முதல் 5 கிலோ. அதாவது ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ.

மானாவாரி நிலத்தில் இதன் பயன் என்ன என்பதைச் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே 10, 15 நாள் இடைவெளி விழுந்தால் முளைத்த பயிர் வாடும். வேர்ப்பகுதியில் இருக்கும் ஜெல், மழை பெய்யும்போது குடித்துவைத்ததை அந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மணல் கலந்த நிலத்தில் தண்ணீர் கீழே இறங்கி ஓடுவதையும் குறைக்கும். ஜெல் புதிதாகத் தண்ணீரை உருவாக்காது, வந்ததைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நாட்கள்தான் பல நேரங்களில் ஒரு பருவத்தையே தீர்மானிக்கின்றன.

வயலைத் தாண்டியும் இந்த ஒட்டுப் பொருட்களுக்கு வேலை இருக்கிறது. ஸ்டார்ச் மேல் பாலிஅக்ரிலமைடை ஒட்டினால் கலங்கிய கழிவுநீரில் மிதக்கும் அழுக்கைத் திரட்டிக் கீழே படியவைக்கும். கடையில் விலை போகாத விவசாயக் கழிவுக்கும் மதிப்புக் கூடுகிறது. முழுக்கப் பெட்ரோலியப் பாலிமரைப் பயன்படுத்துவதற்குப் பதில் ஒரு பங்கைச் செடியால் ஈடுசெய்வதும் லாபம்தான். இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

சரி, மக்குமா மக்காதா?

சோற்றை வாயில் வைத்து நிதானமாக மென்றால் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, ஸ்டார்ச் சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்குவதுதான் காரணம். மண்ணில் உள்ள பாக்டீரியாவிடமும் பூஞ்சையிடமும் இதே கத்தரிக்கோல் இருக்கிறது. செல்லுலோஸை வெட்டவும் தனிக் கத்தரிக்கோல் உண்டு. குளுக்கோஸ்களை இணைக்கும் ஆக்சிஜன் பாலம்தான் அந்தக் கத்தரிக்கோல் வெட்டும் இடம்.

பாலிஅக்ரிலேட் கிளையின் முதுகெலும்பு முழுக்க கார்பன்-கார்பன் பிணைப்பு. அதில் அந்தப் பாலம் கிடையாது, வெட்டுவதற்கு நொதிக்குச் சுலபமான பிடி இல்லை. சில பூஞ்சைகள் மெதுவாகக் கடித்துப் பார்க்கின்றன என்பது உண்மை. ஆனால் குறுக்கே பின்னிய பாலிஅக்ரிலேட்டை மண்ணில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் கார்பன் டை ஆக்சைடாக மாறியது மிகச் சிறிய பங்குதான்.

அப்படியானால் ஒட்டுப் பாலிமருக்கு மண்ணில் என்ன நடக்கும்? செடிப் பகுதியை நுண்ணுயிர்கள் தின்னலாம். கிளைப் பகுதி துண்டுகளாக மிஞ்சலாம். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மேலைநாடுகளில் ஸ்டார்ச் கலந்த பாலித்தீன் பைகள் 'மக்கும் பை' என்று விற்கப்பட்டபோது வந்த விமர்சனமும் இதுவேதான். ஸ்டார்ச் போய்விடும், பாலித்தீன் பொடிப்பொடியாக நிற்கும். அங்கே வெறும் கலவை, இங்கே வேதிப்பிணைப்பு. கேள்வி ஒன்றுதான்.

இங்கே ஒரு சொல் விளையாட்டையும் கவனிக்க வேண்டும். 'ஒரு பருவத்தில் சிதைந்துவிடும்' என்று ஒரு ஹைட்ரோஜெல் விளம்பரம் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக மாற்றிவிட்டன. இன்னொன்று, அது உப்பும் திறனை இழந்துவிட்டது. கால்சியம் முடிச்சுப் போட்டதாலும், வெயிலாலும், வேர் கிழித்ததாலும் ஜெல் காணாமல் போகலாம். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அது மக்கிவிட்டது என்று ஆகாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு சோதனை: எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளிவந்தது என்று அளப்பது.

உடல்நலக் கேள்வியையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அக்ரிலோநைட்ரைலை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-ல் சேர்த்தது. அக்ரிலமைடு 1994 முதலே 'அநேகமாக உண்டாக்கும்' என்ற பிரிவில் இருக்கிறது. இவை கிளை வளர்ப்பதற்கு முன் இருக்கும் சிறு மூலக்கூறுகள். சங்கிலியாகக் கோத்த பிறகு கிடைக்கும் பாலிமர் வேறு பொருள், அதற்கு இந்த ஆபத்து முத்திரை பொருந்தாது. கேட்க வேண்டியது, வினையில் சேராமல் மிஞ்சிய சிறு மூலக்கூறு எவ்வளவு என்பது. அதையும் தொழிற்சாலையில் அளக்கிறார்கள். அட்டையில் போடுவதில்லை.

வெளிநாட்டுச் சட்டம் எங்கே கோடு போடுகிறது?

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் சட்டத்தில் 'பிளாஸ்டிக்' என்பதற்கு ஒரு வரையறை உண்டு. இயற்கைப் பாலிமர்களுக்கு அதில் விலக்கு இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: வேதியியல் ரீதியாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அந்த அளவுகோலின்படி, செல்லுலோஸின் மேல் அக்ரிலேட்டை ஒட்டியதும் அது 'இயற்கை' என்ற விலக்கை இழந்துவிடுகிறது. வேண்டுமென்றே சேர்க்கப்படும் மைக்ரோபிளாஸ்டிக்குகளுக்கு 2023-ல் வந்த கட்டுப்பாடும் இதே கோட்டைத்தான் போடுகிறது. உண்மையிலேயே மக்கும் என்று சோதனையில் நிரூபித்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது.

உரங்களுக்கான ஐரோப்பியச் சட்டம் இன்னும் நேரடியானது. உரப் பூச்சுக்கும் மண்ணில் ஈரம் காக்கவும் பயன்படும் பாலிமர்கள், பயன்படும் காலம் முடிந்த பிறகு 48 மாதங்களுக்குள் 90 சதவீத கார்பனை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற வேண்டும் என்பது அதன் அளவுகோல். அதாவது 'இது எதிலிருந்து வந்தது?' என்று சட்டம் கேட்கவில்லை. 'இது என்னவாகப் போகிறது?' என்று கேட்கிறது.

இங்கே என்ன இருக்கிறது?

இந்தியாவில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2024-ல் செய்த திருத்தம், 'உயிரிச் சிதைவுக்கு உள்ளாகும் பிளாஸ்டிக்' என்று சொல்ல வேண்டுமானால் அது மைக்ரோபிளாஸ்டிக்கை மிச்சம் வைக்கக்கூடாது என்கிறது. அப்படிப்பட்ட பொருளை விற்கும் முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் தேவை. ஆனால் ஒட்டுப் பாலிமர் பெரும்பாலும் 'பிளாஸ்டிக்' என்ற பெயரிலேயே கடைக்கு வருவதில்லை. தூளாக வருகிறது, நாப்கினின் நடு அடுக்காக வருகிறது. பெயர் மாறினால் கேள்வியும் எழாமல் போய்விடுகிறது.

இந்த இடைவெளியை அடைக்க ஒரு கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் 'கிரீன்வாஷிங்' தடுப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 'இயற்கை', 'சூழலுக்கு உகந்தது', 'பசுமை' போன்ற பொதுச் சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் பயன்படுத்தக்கூடாது என்கிறது அது. விவரங்களை க்யூஆர் கோடு அல்லது இணைய இணைப்பு வழியாகவும் தரலாம் என்று வழியும் காட்டியிருக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கும் தமிழ்நாட்டில் 'மக்கும்', 'தாவர அடிப்படை' என்ற சொற்களுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. மஞ்சப்பைக்கு மாறிய அதே ஆட்கள்தான், கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் பரவாயில்லை என்று இலைப் படம் போட்ட நாப்கினையும் வாங்குகிறார்கள். அந்த நல்லெண்ணத்துக்குக் கொடுக்கும் விலைக்கு விவரம் கேட்பது நியாயம்தான்.

அந்த ஒரு எண்

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒட்டு வேதியியலில் முதல் நாளே அளக்கப்படும் ஒரு அளவு இருக்கிறது: ஒட்டுச் சதவீதம். 100 கிராம் ஸ்டார்ச்சை எடுத்து வினை நடத்துகிறார்கள். ஒட்டாமல் தனியாக உருவான பாலிமரைக் கரைப்பானில் கழுவி எடுக்கிறார்கள். மீதியைக் காயவைத்து எடை போடுகிறார்கள். 180 கிராம் வந்தால் 80 கிராம் செயற்கைக் கிளை ஒட்டியிருக்கிறது. ஒட்டுச் சதவீதம் 80. மொத்தப் பொருளில் செயற்கைப் பங்கு கிட்டத்தட்ட 44 சதவீதம். இதுவே 250 கிராம் வந்தால் செயற்கைப் பங்கு 60 சதவீதம். அப்போது 'ஸ்டார்ச் அடிப்படையிலானது' என்ற வரிக்கு அர்த்தமே மாறிவிடும்.

இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த எண் இருக்கும். தயாரிப்பாளரின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும் இருக்கும். பணம் கொடுத்து வாங்குபவரின் கையில் மட்டும் இருப்பதில்லை.

நிறுவனங்கள் தரப்பில் மூன்று பதில்களை எதிர்பார்க்கலாம். மூன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'இது தொழில் ரகசியம்.' எந்த வெப்பநிலை, எந்த வினையூக்கி என்பது ரகசியமாகவே இருக்கட்டும். செயற்கைப் பங்கு '40 முதல் 50 சதவீதம்' என்று ஒரு வரம்பைச் சொன்னால் யாராலும் நகல் எடுத்துவிட முடியாது. பிஸ்கட் பாக்கெட்டில் சர்க்கரை எவ்வளவு என்று போடுவதால் எந்த பிஸ்கட் கம்பெனியும் மூடவில்லை.

இரண்டாவது, 'ஏக்கருக்கு ஒரு கிலோவில் என்ன ஆகிவிடும்?' ஒரு தடவைக்கு இது குறைவுதான். ஆனால் பருவத்துக்குப் பருவம் போடும் பொருள் இது. மண்ணில் கலந்த ஜெல்லைத் திரும்பப் பொறுக்கி எடுக்க வழியே இல்லை. திரும்ப எடுக்க முடியாத ஒன்றைப் போடும் முன்னால்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 'சாதாரண வாடிக்கையாளருக்கு இதெல்லாம் புரியாது.' 'செடி 55, செயற்கை 45' என்பது யாருக்கும் புரியும். சட்டைக் காலரில் 'பருத்தி 60, பாலியெஸ்டர் 40' என்று பார்த்து வாங்கும் ஊர் இது.

வேதிமாற்றம் செய்தாலே கெட்டது என்ற முடிவுக்கும் தாவ வேண்டியதில்லை. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கும் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸும் மாற்றப்பட்ட செல்லுலோஸ்தான். அதையே சிட்ரிக் அமிலத்தால் குறுக்கே பின்னி, அக்ரிலேட் இல்லாமல் ஒரு ஹைட்ரோஜெல் செய்திருக்கிறார்கள். எடைக் குறைப்புக்காக வயிற்றுக்குள் உப்பும் மாத்திரையாக அதை விற்க 2019-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதித்தது. அக்ரிலேட்டுக்குப் பதில் பாலிலாக்டிக் அமிலம், பாலிகாப்ரோலாக்டோன் போன்றவற்றைக் கிளையாக ஒட்டும் ஆய்வுகளும் நடக்கின்றன. அந்தக் கிளைகளில் எஸ்டர் பிணைப்பு இருக்கிறது, நுண்ணுயிர்களுக்கு வெட்டுவதற்கு இடம் கிடைக்கும். விலையும் உறிஞ்சும் திறனும் இன்னும் சவால்தான். ஆனால் எல்லாவற்றையும் 'தாவர அடிப்படை' என்ற ஒரே பெயரில் விற்றால், உண்மையிலேயே மக்கும் பொருளைச் செய்பவருக்கு என்ன லாபம்? நேர்மையாக உழைக்கும் நிறுவனத்தைத்தான் இந்த மௌனம் முதலில் தண்டிக்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

'தாவர அடிப்படை', 'இயற்கைப் பாலிமர்', 'ஸ்டார்ச் அடிப்படை' என்ற சொற்களைப் பயன்படுத்தும் ஒவ்வொரு பொருளும் நான்கு விவரங்களை அட்டையிலோ க்யூஆர் கோடிலோ தர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவாக்க வேண்டும்.

- மொத்த எடையில் செயற்கைப் பாலிமரின் பங்கு எத்தனை சதவீதம், அதன் பெயர் என்ன?
- வினையில் சேராமல் மிஞ்சிய சிறு மூலக்கூறின் உச்ச வரம்பு எவ்வளவு?
- மக்கும் என்றால் எந்தச் சோதனை முறையில், எத்தனை மாதத்தில், எத்தனை சதவீத கார்பன் கார்பன் டை ஆக்சைடாக மாறியது?
- ஹைட்ரோஜெல் என்றால், கடினநீரில் எத்தனை மடங்கு உறிஞ்சும்?

நான்காவது விவரத்துக்கு விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேளாண் துறை தன் விரிவாக்க மையங்கள் வழியாக ஹைட்ரோஜெல்லைப் பரிந்துரைக்கும் இடங்களில், அந்த ஊர் கிணற்று நீரில் ஊறவைத்துக் காட்டிவிட்டுப் பரிந்துரைக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கிராம் தூள், அரை மணி நேரம் போதும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அட்டையின் முன்பக்க இலையைப் பார்த்த பிறகு பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'அக்ரிலேட்', 'அக்ரிலமைடு', 'எஸ்ஏபி', 'கிராஃப்ட்' என்ற சொற்களில் ஏதாவது இருந்தால் அது ஒட்டுப் பொருளாகவோ முழுச் செயற்கையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். மூங்கில், சோளம் என்று எழுதிய நாப்கினில் தோலில் படும் மேலடுக்கு மட்டும் செடியிலிருந்து வந்திருக்கலாம், ஈரத்தைப் பிடிக்கும் நடு அடுக்கு என்ன என்று கேளுங்கள். கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போதும். பதில் வரவில்லை என்றால், விளம்பரம் தவறாக வழிநடத்துகிறது என்று தோன்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அதற்காக டயப்பரையோ நாப்கினையோ குற்ற உணர்ச்சியோடு பயன்படுத்த வேண்டாம், வயலில் ஜெல் போட்டவர் பயப்படவும் வேண்டாம். இவை தேவைக்காகச் செய்யப்பட்ட பொருட்கள், அந்தத் தேவை உண்மையானது. கேட்பது, தயாரிப்பாளர் ஏற்கெனவே எடை போட்டு எழுதிவைத்திருக்கும் ஒரு சதவீதத்தை. பங்கனபள்ளியைப் பங்கனபள்ளி என்றே விற்கும் சந்தையில், ஒட்டுப் பாலிமரையும் அதன் முழுப் பெயரோடு விற்கட்டும்.